நிறமற்ற திரவமும் நீலக் கையுறையும்

அத்தியாயம் 4

உங்கள் ஆய்வகத்தின் ஸ்டோர்ஸ் அலமாரியைத் திறந்தால், முன் வரிசை பாட்டில்களில் பாதிக்கு மேல் தண்ணீர் மாதிரியே இருக்கும். மெத்தனால், அசிட்டோன், குளோரோஃபார்ம், ஹெக்சேன், நீர்த்த அமிலம், காய்ச்சி வடித்த நீர் என்று எதை எடுத்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த அத்தியாயம் கவசங்களைப் பற்றியது. ஆனாலும் அலமாரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எந்தத் திரவம் என்று தெரிந்த பிறகுதான் எந்தக் கையுறை என்ற கேள்விக்கே பொருள் உண்டு. நம் பக்கத்து ஆய்வகங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வருட ஆரம்பத்தில் ஒரு பெட்டி நீலக் கையுறை வாங்கி வைத்துவிட்டு, அமிலத்துக்கும் அதுதான், அசிட்டோனுக்கும் அதுதான் என்று வருடம் முழுவதும் ஓட்டிவிடுகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களையும் சுற்றியுள்ள அரசு கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள், திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, மண் பரிசோதனைக் கூடங்கள் ஆகியவற்றில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நாற்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வகை ஆய்வகங்கள் இருப்பதால் எல்லாருக்கும் ஒரே பட்டியலைக் கொடுக்க முடியாது. இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு விளக்கமாகப் பார்ப்போம். ஒன்று மெத்தனால். மற்றொன்று மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், பூக்கும் பூஞ்சை. இரண்டுமே இந்த மண்ணுக்குப் பழக்கமானவை.

மெத்தனால்

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மெத்தனாலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மீனவக் குடும்பங்கள் சிதைந்தன. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நடந்தன. இரு மாவட்டங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனாலைத்தான் சாராயம் என்று விற்றிருக்கிறார்கள் என்று காவல்துறை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

ஆய்வகத்தில் யாரும் அதைக் குடிக்கப் போவதில்லைதான். ஆனால் உடம்பில் அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கையாளும்போது ஏன் இத்தனை கெடுபிடி என்பது விளங்கும். கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த ஃபார்மிக் அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. இரத்தமும் அமிலத்தன்மை அடைகிறது. மாற்றம் மெதுவாக நடப்பதால் பல மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. சில நேரம் ஒரு நாள்கூட ஆகலாம். “நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு மறுநாள் காலை கண் மங்கும். 10 மில்லிலிட்டர் பார்வையைப் பறிக்கக் கூடும். 30 மில்லிலிட்டர் உயிரைப் பறித்ததும் உண்டு. வாய் வழியாக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தோல் வழியாகவும் ஏறும், ஆவியாக மூச்சிலும் ஏறும்.

இதிலிருந்து மூன்று வேலைகள் கிளைக்கின்றன. முதலாவது, வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். ‘நாங்க அப்படித்தான் படிச்சோம்’ என்று பெருமையாகச் சொல்லும் தலைமுறை இன்னும் பணியில் இருக்கிறது. நானும் அந்தத் தலைமுறைதான். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒருமுறை அம்மோனியாக் கரைசலை உறிஞ்சி, இரண்டு நாள் சோற்றின் ருசியே தெரியாமல் இருந்தேன். அது அம்மோனியாவாக இருந்தது என் அதிர்ஷ்டம். மூக்கு முன்கூட்டியே கத்தியது, மெத்தனால் கத்தாது. ரப்பர் பல்பு ஒன்றின் விலை இரண்டு காபிக்கு மேல் போகாது.

இரண்டாவது, குடிதண்ணீர் பாட்டிலில் ரசாயனத்தை ஊற்றிவைப்பதை நிறுத்த வேண்டும். அட்டெண்டர் அண்ணன் ‘தம்பி, இது தண்ணியா?’ என்று கேட்கும் நிலை ஒரு ஆய்வகத்தில் வந்துவிட்டால், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு அலமாரியைச் சரிசெய்ய வேண்டும். சிறு குப்பிக்கு மாற்றினாலும் அதில் பெயர், செறிவு, ஊற்றிய தேதி, ஊற்றியவர் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் எழுதினால் அசிட்டோன் பட்டவுடன் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய தாளை ஒட்டி, மேலே செலோ டேப் போடுங்கள். பென்சில் எழுத்தைக் கரைப்பான் எதுவும் அழிக்காது.

மூன்றாவது பூட்டும் பதிவேடும். இது திருட்டுக்குப் பயந்து மட்டும் சொல்வதல்ல. ஆய்வகத்திலிருந்து அரை லிட்டர் எங்கே போனது என்று தெரியாவிட்டால் அது யார் கைக்கு, எந்தக் குப்பியில் போனது என்றும் தெரியாது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் வாங்கியதை மட்டும் எழுதி, செலவழித்ததை வருடக் கடைசியில் ஒரே மையில் ‘அட்ஜஸ்ட்’ செய்யும் வழக்கத்தை மெத்தனாலுக்காவது விட்டுவிடலாம்.

நெருப்பு இன்னொரு பக்கம். சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு அது ஆவி விடும். நம் ஊரில் மார்கழி விடியலிலும் அதைவிடச் சூடுதான். ஆக, வருடம் முழுவதும் அது தீப்பற்றத் தயார். எரியும்போது சுடர் வெளிர்நீலமாக, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எரியும். கைக்குச் சூடு உறைத்த பிறகுதான் தீ என்றே தெரியும்.

எந்தக் கைக்கு எந்தக் கையுறை

இப்போது அந்த நீலக் கையுறைக்கு வருவோம். நைட்ரைல் என்று அதற்குப் பெயர். மருத்துவமனையில் இரத்தம், சளி ஆகியவற்றுக்கு அருமையான பொருள். எண்ணெய் எடுக்கும் ஹெக்சேனுக்கும் ஓரளவு நன்றாகத் தாங்கும். ஆனால் பெட்டியில் நூறு வரும் அந்த மெல்லிய ரகத்தை மெத்தனால் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அசிட்டோனும் குளோரோஃபார்மும் அதைவிட வேகம். துளை விழாது, கிழியாது, வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. ரசாயனம் மூலக்கூறு மூலக்கூறாக உள்ளே கசிந்து, கையுறைக்கும் தோலுக்கும் நடுவே தங்கி நிற்கும். வெறுங்கையில் பட்டிருந்தால் காற்றில் ஆவியாகிப் போயிருக்கும். கையுறைக்குள் அடைபட்டதால் தோல்தான் அதைக் குடிக்கிறது.

இதற்கு உலகம் கொடுத்த விலை ஒன்று உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்களைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சியே. 1996 ஆகஸ்ட் 14 அன்று, புகைபோக்கி அலமாரிக்குள் முறைப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது டைமெத்தில் மெர்க்குரியின் ஒன்றிரண்டு துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறையின் மேல் விழுந்தன. விதிப்படி கையுறை போட்டிருந்தார். சில மாதங்கள் கழித்து நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. 1997 ஜூன் 8 அன்று இறந்தார். பிறகு சோதித்துப் பார்த்தபோது அந்தத் திரவம் அப்படிப்பட்ட கையுறையைப் பதினைந்து நொடிக்குள் கடந்துவிடுவது தெரிந்தது. கவனக்குறைவு என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கையுறை தவறானது, அவ்வளவே.

ஆகவே மெத்தனாலையும் அசிட்டோனையும் லிட்டர் கணக்கில் ஊற்றும் வேலைக்கு பியூட்டைல் ரப்பர் கையுறை ஒரு ஜோடியாவது வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் அது ஒருநாள் பயன்படுத்தி எறிவதல்ல, கழுவிக் காயவைத்து வருடக் கணக்கில் பயன்படுத்தலாம். அடர் கந்தக அமிலத்துக்குக் கனமான நியோபிரீன் அல்லது பியூட்டைல். குளோரோஃபார்முக்கு இவை எதுவும் சரிவராது. அதற்கென்று பல அடுக்குப் படலத்தால் செய்த தட்டையான கையுறை கிடைக்கிறது. அதை உள்ளே போட்டு, பிடிப்புக்காக மேலே நைட்ரைல் போடலாம். இரண்டு மில்லிலிட்டர் எடுக்கும் சிறு வேலைக்கு மெல்லிய நைட்ரைலே போதும், ஒரு நிபந்தனையோடு: துளி பட்டால் அந்த நொடியே கழற்றி எறிந்து, கையைக் கழுவி, புதிதாகப் போட வேண்டும். ‘இதை முடிச்சுட்டு மாத்திக்கலாம்’ என்றால் போட்டதே வீண்.

வாங்கும்போது ஒரு தந்திரம் சொல்கிறேன். அரசு நிறுவனங்களில் விலைப்புள்ளி கேட்டுக் குறைந்த விலைக்குக் கொடுப்பவரிடம்தான் வாங்க வேண்டும். இன்டென்டில் ‘கையுறை, முகமூடி, கண்ணாடி’ என்று மட்டும் எழுதினால் மிக மட்டமானதுதான் வந்து சேரும். குறை சொல்லவும் முடியாது. கையுறைக்கு இ.என். 374, கண்ணாடிக்கு ஐ.எஸ். 5983, தூசு முகமூடிக்கு ஐ.எஸ். 9473 என்று தர எண்ணையும், எந்த ரசாயனத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்துவிடும்.

கையுறையோடு கதவுப் பிடியைத் தொடுவது, செல்போனை எடுப்பது, மூக்கைத் தேய்ப்பது பற்றி நான் தனியாக எழுதத் தேவையில்லை. ஒரு நாள் வகுப்பில் உங்கள் மாணவர்களைச் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள்.

மல்லாட்டையும் நீல ஒளியும்

நிலக்கடலையை இந்தப் பக்கத்தில் யாரும் நிலக்கடலை என்பதில்லை. மல்லாட்டை அல்லது மணிலாக்கொட்டை. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். எனவே நிலக்கடலை மாதிரிகளை அரைப்பது, எண்ணெய் அளவு பார்ப்பது, அஃப்ளாடாக்சின் சோதிப்பது ஆகியவை இந்த வட்டாரத்தின் சொந்த வேலை.

அஃப்ளாடாக்சின் கதை 1960இல் இங்கிலாந்தில் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் கொண்டுபோய்விட்டது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அதில் நஞ்சு சுரந்திருந்தது. பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். 1974இல் ராஜஸ்தான்–குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் உலகப் பட்டியலில் அஃப்ளாடாக்சின் முதல் வகுப்பில் இருக்கிறது. நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்காக வாங்கிவைத்திருக்கும் சின்னக் குப்பிக்குள் அதைப் போல எத்தனை மடங்கு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே நான் முதலில் தடுக்க நினைப்பது ஒரு பழக்கத்தை. மல்லாட்டையைப் பார்த்தால் இரண்டு பருப்பை உரித்து வாயில் போட்டுப் பார்ப்பது நம் கைக்குத் தானாக வரும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வியாபாரியும் அதைத்தான் செய்கிறார், விவசாயியும் அதைத்தான் செய்கிறார். ஆனால் ஆய்வகத்துக்குள் வந்த மாதிரி, உணவு அல்ல. பூஞ்சை பூத்ததாகச் சந்தேகப்பட்டுத்தானே அனுப்பியிருக்கிறார்கள்? விதைக்கென்று வந்ததாக இருந்தால் திரம், கார்பன்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கும்.

அரைக்கும் கட்டத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. காய்ந்த பருப்பை அரைக்கும்போது பூஞ்சை வித்துகளும் நஞ்சேறிய தூளும் காற்றில் பறந்து மூச்சில் ஏறும். துணி முகமூடியும், பச்சை நிற அறுவை முகமூடியும் இதற்கு ஆகாது. என்95 வேண்டும், கன்னத்தோடு படிந்து நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஓரமாகக் காற்று புகுந்துவிடும். போட்டுக்கொண்டு பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று வந்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்ய வேண்டும். முகமூடியை விட நல்ல வழி, தூசே கிளம்பாமல் செய்வது: தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்தால் தூள் பறக்காது.

அடுத்த தவறை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். நஞ்சைப் பிரித்தெடுக்க மெத்தனால் கலந்த தண்ணீரில் மாவைக் கலக்க வேண்டும். கலக்கும் கருவி இல்லாததால் வீட்டு மிக்ஸியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறப்பதை இருட்டில் காற்றோட்ட ஓட்டை வழியாகப் பார்த்தாலே தெரியும். மூடியைச் சுற்றி மெத்தனால் ஆவி, அடியில் தீப்பொறி. இதைவிடக் குலுக்கும் கருவி ஒன்றில் கூம்புக் குடுவையைக் கட்டி அரை மணி நேரம் விட்டுவிடலாம். அதுவும் இல்லையென்றால் கையால் குலுக்குங்கள்; மிக்ஸி மட்டும் வேண்டாம்.

பிரித்தெடுத்த பிறகு புறஊதா விளக்கின் கீழ் பார்ப்பீர்கள். 365 நானோமீட்டர் ஒளியில் ஒரு வகை நீலமாகவும் இன்னொன்று பச்சையாகவும் ஒளிரும்; பி, ஜி என்ற பெயர்கள் ஆங்கில நிறப் பெயர்களின் முதலெழுத்துகள். அழகான காட்சிதான், ஆனால் வெறுங்கண்ணால் ரசிக்கக் கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடி புறஊதா ஒளியைத் தடுத்துவிடும். சட்டைக் கைக்கும் கையுறைக்கும் இடையே தெரியும் மணிக்கட்டையும் மறக்காதீர்கள்.

பயன்படுத்திய கண்ணாடிச் சாமான்களை ஆட்டோகிளேவில் வைத்து எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை தவறு. வெப்பத்தில் பூஞ்சை சாகும், நஞ்சு அப்படியே நிற்கும். நீர்த்த பிளீச்சிங் கரைசலில், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டில், ஊறவைத்த பிறகே கழுவ வேண்டும். அந்தத் தொட்டியில் அமிலம் ஊற்றிய குடுவையைக் கலந்து போட்டுவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கோட்டு தைக்கும் கதை

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஷெஹர்பானோ சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்தார். குழாயின் தண்டு கழன்றது. அவர் கோட்டு போடவில்லை. போட்டிருந்த செயற்கை நூல் ஸ்வெட்டர் எரிந்து உடம்போடு உருகி ஒட்டியது. பதினெட்டு நாள் கழித்து இறந்தார்.

நம் மாணவிகளின் துப்பட்டாவும் பெரும்பாலான சுடிதார்களும் அதே வகை நூல்தான். ஆயத்தமாகக் கிடைக்கும் வெள்ளைக் கோட்டுகளில் பலவும் பாலியஸ்டர் கலந்தவை. துவைத்தால் சுருங்காது, இஸ்திரி வேண்டாம் என்று விரும்பி வாங்குகிறோம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தையல்காரரிடம் கெட்டியான காடாத் துணியில் தைத்துக்கொள்வது மேல். அளவு கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், முழுக்கை, மணிக்கட்டில் எலாஸ்டிக், பக்கவாட்டில் திறப்பு வேண்டாம், பட்டனுக்குப் பதில் டிச் பட்டன். கடைசியாகச் சொன்னது முக்கியம். அமிலம் கொட்டினாலோ தீப்பிடித்தாலோ ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம்; சாதாரணப் பட்டனை நடுங்கும் விரலால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. காற்றில் தானே தீப்பிடிக்கும் பொருள்களைக் கையாளுபவர்களுக்குத் தீத்தடுப்புத் துணியில் தைத்த கோட்டுதான் வேண்டும்.

துப்பட்டாவைக் கழற்றி வைக்கலாம், அல்லது கோட்டுக்குள் போட்டுப் பின் குத்திக்கொள்ளலாம். புடவை கட்டுபவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி மேலே கோட்டு போட வேண்டும். பின்னல், பூச்சரம், ஹிஜாபின் முனை எல்லாமே கோட்டுக்கு உள்ளே. செருப்பு கூடவே கூடாது. துணி ஷூவும் அமிலத்தை உறிஞ்சிக் காலோடு வைத்திருக்கும். அந்தக் கோட்டோடு டீக்கடைக்குப் போவதும், வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழந்தைத் துணியோடு ஊறப்போடுவதும் நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிய வேண்டியவை.

பவர் கண்ணாடி போட்டிருப்பவர்கள் ‘எனக்குத்தான் கண்ணாடி இருக்கே’ என்பார்கள். பக்கவாட்டிலிருந்து தெறிப்பதை அது தடுக்காது. மேலே மாட்டக்கூடிய பெரிய காகிள்ஸ் கிடைக்கிறது.

மொட்டைமாடித் தொட்டி

கண்ணில் ஏதாவது பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பது எல்லாச் சுவரொட்டியிலும் இருக்கிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. கண் கழுவும் கருவி நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டராவது தர வேண்டும் என்பது அமெரிக்கத் தரம். முதலுதவிப் பெட்டியில் வைத்திருக்கும் அரை லிட்டர் கழுவுநீர்க் குப்பி அந்த வேகத்தில் இருபது நொடிக்குத்தான் வரும். உடம்பு முழுக்க நனைக்கும் அவசரக் குளியலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 76 லிட்டர்; பதினைந்து நிமிடத்துக்கு 1,100 லிட்டருக்கு மேல். உங்கள் கட்டடத்தின் மேலே நிற்பது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. அதிலும் கழிப்பறைக்குப் போனது போக மீதி.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியின் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் எரிந்த கண்ணைப் பதினைந்து நிமிடம் யாரால் காட்ட முடியும்? கழுவுநீர் 38 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அதே தரம். கண் கழுவும் குழாய்க்கு மட்டும் கட்டடத்தின் உள்ளே, நிழலில், தனித் தொட்டி ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் கருவியின் கண்ணறைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை மூன்று நிமிடம் திறந்துவிடுங்கள். கருவியே வாங்க முடியாத இடங்களில் சாதாரணக் குழாயில் மெத்தென்ற ரப்பர் டியூபைச் செருகி, தண்ணீர் பீய்ச்சாமல் மெதுவாக வழியும்படி திருகி அடையாளம் வைத்துவிடலாம். இமையை விரலால் விரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். கண் தானாக மூடிக்கொள்ளும்.

வெயில் கரைப்பான்களையும் விடுவதில்லை. டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாதத்தில் திண்டிவனத்தின் ஓட்டுக் கூரை ஆய்வகம் ஒன்றில் அது பாட்டிலுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் எடுக்கும் பெட்ரோலியம் ஈதர் 40இலிருந்து 60 டிகிரிக்குள். மூடியைச் சட்டென்று திறந்தால் முகத்தில் அடிக்கும். கோடையில் இவற்றைக் காலை எட்டு மணிக்கு முன்னால் கையாளுவது, திறக்கும் முன் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் வைப்பது என்று பழகிக்கொள்ளுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஆவியைப் பற்றவைக்க உள்ளே விளக்கு எரியும் சுவிட்ச் ஒன்றே போதும். சாக்ஸ்லெட் கருவிக்குக் கம்பி சிவக்கும் திறந்த அடுப்பு ஆகாது. ஹெக்சேன் ஆவி காற்றைவிடக் கனம். மேசையிலிருந்து வழிந்து தரையோடு ஊர்ந்து அடுத்த மேசை அடுப்பைத் தேடிப் போகும்.

புகைபோக்கி அலமாரி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது வெவ்வேறு கேள்விகள். முகப்பில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்தால் உள்ளே இழுபட வேண்டும். நொடிக்கு அரை மீட்டர் வேகம் இருந்தால் நல்லது. பழைய பாட்டில்களை அடுக்கி வைக்கும் அலமாரியாக அதை மாற்றிவிட்ட இடங்களே அதிகம். கரண்ட் போனால் இழுப்பும் நின்றுவிடும்: சூடேற்றுவதை நிறுத்தி, கண்ணாடியைக் கீழே இறக்கி, அறையை விட்டு வெளியே வாருங்கள். ஜெனரேட்டர் வரும்வரை உள்ளே காத்திருக்க வேண்டாம்.

அட்டெண்டரின் கை

இதுவரை சொன்ன கையுறை, கோட்டு, கண்ணாடி எல்லாம் யாருக்குக் கிடைக்கின்றன? பேராசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும். இரண்டரை லிட்டர் அமிலக் குப்பியைத் தூக்கி, சிறு குப்பிகளில் ஊற்றி, டைக்ரோமேட் படிந்த குடுவைகளைக் கழுவி, உடைந்த கண்ணாடியைப் பொறுக்குபவர் அட்டெண்டர். ஆய்வகத்தில் அதிக நேரம் ரசாயனத்தோடு புழங்கும் கை அவருடையதுதான். அவருக்குக் கொடுப்பது பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை, அதுவும் கேட்டால்தான். பலர் தினக்கூலி, ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் கேட்பதும் இல்லை. மண் பரிசோதனையில் கரிமச்சத்து பார்க்க டைக்ரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் நாள் முழுக்க ஊற்றுகிறார்கள். அந்த ஆறு இணைதிறன் குரோமியமும் புற்றுநோய்ப் பட்டியலில் முதல் வகுப்பு. நல்ல கையுறை ஒரே ஒரு ஜோடி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை அட்டெண்டருக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து. பாட்டிலின் பெயரைத் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். சிவப்பு வைரக் குறிக்குள் இருக்கும் தீச்சுடர், மண்டையோடு, அரித்த கை ஆகிய படங்களை ஒரு பிற்பகல் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

பழையதைக் கண்டம் செய்யும்போதும் அவர் கையில்தான் போகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை வாங்கிய கோபால்ட்-60 கதிரியக்கக் கருவி, பல ஆண்டுகள் சும்மா கிடந்த பிறகு 2010இல் ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதை உடைத்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். நம்மிடம் கோபால்ட் இல்லாமல் இருக்கலாம். பெயர் உதிர்ந்த பாட்டில்களும் பாதரசம் நிறைந்த பழைய மானிகளும் இல்லாத கல்லூரி உண்டா? தொட்டியில் ஊற்றினால் ஏரிக்குப் போகும், காயலான் கடைக்குப் போட்டால் யாரோ ஒருவர் கைக்குப் போகும். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளை முறைப்படி வாங்கிக்கொள்ளும் மையம் இருக்கிறது. மாவட்டத்தில் நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு வண்டி அனுப்பினால் செலவும் பங்காகும்.

கதவுக்குப் பக்கத்தில்

விபத்து நடந்தால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. கதவுக்குப் பக்கத்தில், தேடாமல் கண்ணில் படும் உயரத்தில் ஒரு பலகை வைத்து 108, அருகிலுள்ள தீயணைப்பு நிலைய எண், துறைத் தலைவர் எண் மூன்றையும் பெரிதாக எழுதுங்கள். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை, விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம், மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர். எக்கியார்குப்பத்துக்காரர்களையும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் கொண்டுபோனார்கள். அதே பலகையின் கீழே ஒரு கோப்பு தொங்க வேண்டும்: ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள், அகர வரிசையில். பாட்டில் விற்ற நிறுவனத்திடம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆம்புலன்ஸில் அடிபட்டவரோடு அந்தத் தாளும் ஏற வேண்டும். மெத்தனாலா எத்தனாலா என்று மருத்துவர் யூகித்துக்கொண்டிருக்கக் கூடாது. கூடப் போகிறவர் துறையிலேயே அதிக விவரம் தெரிந்தவராக இருக்கட்டும், கடைசியில் சேர்ந்த மாணவரை அனுப்பிவிடாதீர்கள்.

விடுமுறை நாளில், அதுவும் தனியாக, வேலை செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆய்வேட்டுக் கெடு நெருங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும். குறைந்தது இரண்டு பேராகப் போங்கள். உள்ளே போகும்முன் வாட்ச்மேனிடம் எந்த அறை, எத்தனை மணி வரை என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கல்லூரிகளின் பெரிய கேட் பூட்டியே இருக்கும். ஆள் நுழையும் சின்னக் கதவு மட்டும்தான் திறந்திருக்கும். பெரிய கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வீடு எவ்வளவு தூரம் என்று அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் அந்தச் சின்னக் கதவு வழியாக நுழையாது.